இசே ஜிங்கூ: இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழும் பழைய ஆலயம்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஏதாவது ஒரு ஷின்டோ ஆலயத்துக்குள் நுழையாமல் திரும்புவது அபூர்வம். பெரும்பாலும் கியோட்டோவில் ஃபுஷிமி இனாரியின் செந்நிற வாயில் வரிசையையோ, ஹிரோஷிமா பக்கம் கடல்நீரில் நிற்கும் இட்சுகுஷிமா வாயிலையோ பார்த்துவிட்டு வருவார்கள். இரண்டும் அழகான இடங்கள். ஆனால் ஷின்டோ ஆலயம் என்றால் என்ன என்று அடியிலிருந்து புரிந்துகொள்ள நினைக்கிறவருக்கு நான் சொல்வது மியே மாகாணத்தில் இருக்கும் இசே ஜிங்கூவைத்தான். அங்கே பளிச்சென்ற வண்ணம் கிடையாது. சிலை கிடையாது. முக்கியமான கட்டடத்தை முழுதாகப் பார்க்கக்கூட முடியாது. இருந்தும் ஷின்டோவில் அதற்கு மேலான ஆலயம் வேறு இல்லை.

இன்னொரு புதிரும் உண்டு. இந்த ஆலயத்தின் வழக்கம் 1,300 ஆண்டு பழையது. இன்று நிற்கும் கட்டடமோ 2013-இல் கட்டி முடித்தது. அதற்கு முந்தையது 1993-இல், அதற்கும் முந்தையது 1973-இல் எழுந்தது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்தில் காலியாக வைத்திருக்கும் மனையில் அதே அளவில் அதே வடிவில் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே குடியேற்றிவிட்டு, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். இது பழுதுபார்ப்பு அல்ல, அடியோடு புதுக் கட்டடம். இந்த வழக்கத்துக்கு ஷிகினென் செங்கூ என்று பெயர். இசேக்குப் போகும் முன் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள நேரம் இருந்தால், இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

காமி யார்?

ஷின்டோவுக்கு நிறுவனர் இல்லை. இதுதான் வேதம் என்று ஒரே ஒரு நூலும் இல்லை. சூரியன், மலை, ஆறு, பாறை, முதிர்ந்த மரம், மறைந்த முன்னோர் என்று எதிலெல்லாம் மனிதரை மீறிய ஆற்றல் ஒன்று தெரிகிறதோ அதெல்லாம் காமி. காமி தங்கும் இடம் ஆலயம். நாடு முழுவதும் சுமார் 80,000 ஷின்டோ ஆலயங்கள் பதிவாகியிருக்கின்றன. புத்தர் கோயில்கள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்புதான், ஏனென்றால் 1868-இல் மெய்ஜி அரசு ஆணை போட்டுப் பிரிக்கும்வரை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இரண்டும் கலந்தே இருந்தன. முன்னால் இரண்டு தூண், மேலே குறுக்குச் சட்டம் வைத்த தோரீ என்ற வாயில் நின்றால் அநேகமாக அது ஷின்டோ ஆலயம்.

கோயில் என்றாலே தரிசனம் என்று பழகிய நமக்கு இங்கே ஒன்று புதிதாக இருக்கும். காமிக்கு உருவம் செய்து வைத்து அதைக் கண்குளிரப் பார்ப்பது ஷின்டோ வழிபாட்டின் மையம் இல்லை. காமி வந்து தங்குவதற்கு ஒரு பொருள் இருக்கும். அது கண்ணாடியாகவோ, வாளாகவோ, கல்லாகவோ இருக்கலாம். அது மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும், வெளியே வராது. நாராவில் ஓமிவா என்ற ஆலயத்தில் கருவறைக் கட்டடமே கிடையாது. பின்னால் நிற்கும் மிவா மலைதான் அங்கே அந்தப் பொருள். இசேயில் அது யாத்தா நோ காகாமி என்ற கண்ணாடி, பேரரசர் குலத்தின் மூன்று புனிதப் பொருட்களில் ஒன்று. அங்கே குடியிருப்பவர் சூரிய தேவி அமத்தெராசு ஒமிகாமி. பேரரசர் குலத்தின் மூதாதை என்று ஜப்பானின் பழைய நூல்கள் இவரைச் சொல்கின்றன.

முதலில் வெளிக்கோயில்

இசே ஜிங்கூ ஒரே கட்டடம் இல்லை. பெரிதும் சிறிதுமாக 125 ஆலயங்கள் சேர்ந்ததுதான் அது. அவற்றில் இரண்டு முக்கியம். அமத்தெராசு குடியிருப்பது நைக்கூ என்ற உட்கோயில். அவருக்கு உணவு படைப்பதற்காக அமர்த்தப்பட்ட தொயோஉகே ஒமிகாமி இருப்பது கெக்கூ என்ற வெளிக்கோயில். ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தூரம், பேருந்தில் கால் மணி நேரம் ஆகும். கெக்கூவை முதலில் வணங்கிவிட்டு நைக்கூவுக்குப் போவது பழைய முறை. நகோயாவிலிருந்து கிந்தெட்சு ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் இசேஷி நிலையம் வந்துவிடலாம். அங்கிருந்து கெக்கூவுக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் இந்த வரிசை வசதியாகவும் இருக்கிறது.

யாரும் உள்ளே வரலாம். மதம், நாடு எதுவும் கேட்க மாட்டார்கள், கட்டணமும் இல்லை. காலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். வழி முழுக்கச் சரளைக்கல், அதனால் நல்ல காலணியோடு போங்கள். தோரீக்கு முன்னால் நின்று தலை தாழ்த்திவிட்டு, பாதையின் நடுவை விட்டு ஓரமாக நடப்பது மரியாதை. கெக்கூவில் இடப்பக்கம், நைக்கூவில் வலப்பக்கம்.

உள்ளே போனதும் தண்ணீர்த் தொட்டி வரும். அகப்பையை வலக்கையில் எடுத்து இடக்கையைக் கழுவ வேண்டும், கை மாற்றி வலக்கையைக் கழுவ வேண்டும். மறுபடி இடது உள்ளங்கையில் கொஞ்சம் நீர் ஊற்றி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் நேராக வாய் வைக்கக் கூடாது. அப்புறம் இடக்கையை மறுபடி கழுவிவிட்டு, அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்தினால் மிச்சத் தண்ணீர் வழிந்து பிடியும் கழுவப்பட்டுவிடும். இது அழுக்குப் போக்க மட்டும் அல்ல. ஷின்டோவில் தூய்மை என்பது பாதி வழிபாடு. செத்தது, அழுகியது, வாடியது எல்லாம் காமியைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. கட்டடத்தை ஏன் புதுப்பிக்கிறார்கள் என்ற கேள்விக்கும் பாதி விடை இதில்தான்.

சன்னதி முன் போனதும் இரண்டு முறை ஆழமாகக் குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மனதில் நினைத்ததைச் சொல்லி, கடைசியாக ஒரு முறை குனிய வேண்டும். பெரும்பாலான ஷின்டோ ஆலயங்களில் இதே முறைதான். இசுமோ போன்ற சில ஆலயங்களில் நான்கு தட்டு. இசேயின் இரண்டு முதன்மைச் சன்னதிகளிலும் சொந்தக் கோரிக்கையை வைப்பதில்லை, நன்றி மட்டும் சொல்வது வழக்கம். ஆசையைச் சொல்ல உள்ளேயே வேறு சன்னதிகள் உண்டு. நைக்கூவில் அது அராமாத்சுரி நோ மியா. மற்ற ஆலயங்களில் எங்கும் காணும் குறிச்சீட்டு, வாசலில் காவல் இருக்கும் சிங்கநாய்ச் சிலை இரண்டும் இங்கே இல்லை. உண்டியலும் இல்லை. பேரரசர் தவிர யாரும் இங்கே காணிக்கை வைக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்ததன் எச்சம் அது. இன்று மக்கள் காசு போடுவதற்கு வெள்ளைத் துணி விரித்திருக்கிறார்கள்.

கெக்கூவில் தினமும் இரண்டு வேளை நடக்கும் ஒன்று பயணிகள் கண்ணுக்குப் படாது. காலையிலும் மாலையிலும் காமிகளுக்கு உணவு படைக்கிறார்கள். ஆலயத்தின் சொந்த வயலில் விளைந்த அரிசி, கடலோரத்தில் அவர்களே காய்ச்சிய உப்பு, கிணற்று நீர், மீன், கடற்பாசி, காய், பழம், சாக்கே மது. சமைக்கும் நெருப்பைக்கூட மரத்தோடு மரம் கடைந்துதான் உண்டாக்குகிறார்கள். ஏறத்தாழ 1,500 ஆண்டாக இது நடக்கிறது என்பது ஆலய மரபு. இருபது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய புதுப்பிப்பும் தினப்படி நடக்கும் இந்தச் சமையலும் ஒரே எண்ணத்தின் இரண்டு அளவுகள் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் சேமித்து வைக்கப்படுவது பொருள் அல்ல, செய்யும் வேலை.

கெக்கூ வளாகத்திலேயே செங்கூகான் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வேலிக்குப் பின்னால் மறைந்திருக்கும் கெக்கூ சன்னதியின் ஒரு பகுதியை அசல் அளவில் அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே பார்க்க முடியாததை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

ஊஜி பாலமும் அதற்கு அப்பாலும்

நைக்கூவுக்குள் போக இசுஸு ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றின் மேல் 100 மீட்டர் சொச்ச நீளத்தில் மரத்தாலான ஊஜி பாலம். இதையும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். ஆனால் ஆலயத்துக்கு நான்கு ஆண்டு முன்னதாக. அதற்குக் காரணம் போர். 1949-இல் நடக்க வேண்டிய புதுப்பிப்பு, நாடு தோற்றுக் கிடந்ததால் தள்ளிப்போனது. பாலத்தையாவது கட்டுவோம் என்று மக்கள் அந்த ஆண்டே பாலத்தை முடித்தார்கள். ஆலயம் 1953-இல்தான் முடிந்தது. அந்த நான்கு ஆண்டு இடைவெளி இன்றுவரை அப்படியே தொடர்கிறது. இப்போதைய பாலம் 2009-இல் கட்டியது.

பாலத்தின் இரு முனையிலும் நிற்கும் தோரீகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவை புது மரம் அல்ல. முந்தைய சன்னதிகளில் கூரை முகட்டைத் தாங்கிய பெருந்தூண்களைச் சீவி எடுத்துச் செய்தவை. இங்கே இன்னும் இருபது ஆண்டு நின்ற பிறகு, எடோ காலத்து (1603–1868) டோக்காய்தோ நெடுஞ்சாலையில் குவானா, செக்கி என்ற பழைய ஊர்களுக்குப் போய் அங்கே தோரீயாக நிற்கும். இருபது ஆண்டில் சன்னதியைப் பிரித்தாலும் மரத்தின் வாழ்வு அறுபது ஆண்டுக்கு மேல் ஓடுகிறது. மற்ற மரங்களும் விறகாகிவிடுவதில்லை. நாடெங்கும் உள்ள ஆலயங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். 2011 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் அழிந்த வடகிழக்குப் பகுதி ஆலயங்களுக்கும் அப்படிப் போயிருக்கின்றன.

பாலம் தாண்டினால் வழி ஆற்றோரம் போகும். தொட்டியில் கை கழுவாமல் இசுஸு ஆற்றிலேயே இறங்கிக் கழுவலாம், பழைய வழக்கம் அதுதான். அப்புறம் வானுயர்ந்த தேவதாரு மரங்களுக்கு நடுவே நடந்து கல் படிகளின் அடிக்கு வருவீர்கள். படம் எடுப்பது அதோடு சரி, மேலே அனுமதி கிடையாது. படியேறினால் எதிரே ஒரு வாயில், அதில் வெள்ளைப் பட்டுத் திரை. அதற்குப் பின்னால் வேலிக்குள் வேலியாகப் போய், எல்லாவற்றுக்கும் உள்ளே சன்னதி. காற்றில் திரை விலகும்போது உள்முற்றம் சற்றே தெரியும். அவ்வளவுதான்.

இதைப் பார்க்கவா வந்தோம் என்று நினைக்க வேண்டாம். கூரையின் மேல்பகுதி வேலிக்கு மேல் தெரியும். முகட்டில் குறுக்காகப் படுத்திருக்கும் உருளைக் கட்டைகளை எண்ணுங்கள். நைக்கூவில் 10, கெக்கூவில் 9. இரு முனையிலும் கத்தரி போல வானைப் பார்த்து நீளும் மரங்களின் நுனி நைக்கூவில் கிடைமட்டமாகவும் கெக்கூவில் செங்குத்தாகவும் வெட்டப்பட்டிருக்கும். முழுக் கட்டடம் எப்படி இருக்கும் என்று தெரிய, பக்கத்திலேயே மிஷினே நோ மிக்குரா என்ற நெல் களஞ்சியம் இருக்கிறது. சிறியதுதான், ஆனால் அதே கட்டட முறை. வண்ணம் பூசாத ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரம், நாணல் வேய்ந்த கூரை, தரையிலிருந்து உயர்த்திய தளம்.

ஏன் இருபது ஆண்டு?

சன்னதியின் தூண்கள் கல்லின் மேல் நிற்கவில்லை, நேரே மண்ணுக்குள் நட்டவை. மழை அதிகமான ஊர் அது. மண்ணில் புதைந்த மரம் இற்றுப்போகும், நாணல் கூரையும் நைந்துபோகும். அப்படியானால் நீடித்து நிற்கும்படி கட்டத் தெரியாதவர்களா? இல்லவே இல்லை. இசேயின் முதல் புதுப்பிப்பு நைக்கூவில் 690-இல், பேரரசி ஜிதோவின் காலத்தில் நடந்தது. ஏறத்தாழ அதே தலைமுறை கட்டிய ஹோரியூஜி என்ற புத்தர் கோயில், கல் அடித்தளமும் ஓட்டுக் கூரையுமாக நாரா பக்கம் இன்னும் நிற்கிறது. உலகில் மிஞ்சியிருக்கும் மரக்கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. நிலைத்து நிற்கும் முறை கையில் இருந்தும் இசேக்கு அதைப் பயன்படுத்தவில்லை. தங்கள் முன்னோரின் எளிய வடிவத்தைக் கைவிடாமல், அது இற்றுப்போவதற்கு முன் மறுபடி கட்டிக்கொண்டே இருப்பது என்று முடிவு செய்தார்கள்.

இருபது என்ற எண்ணுக்குப் பழைய ஆவணங்களில் காரணம் எழுதி வைக்கவில்லை. பலர் பலவிதமாக விளக்குகிறார்கள். கூரையும் மரமும் பொலிவோடு இருக்கும் காலம் அது என்பது ஒன்று. எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுவது தச்சர்களின் கணக்கு. இருபது வயதில் எடுபிடியாகச் சேர்ந்தவர் நாற்பதில் கைதேர்ந்த தச்சராக இன்னொரு முறை கட்டுவார், அறுபதில் மேற்பார்வை பார்த்துச் சொல்லித்தருவார். நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்திருந்தால் இந்தத் தொடர்பு அறுந்திருக்கும்.

எட்டு ஆண்டு வேலை

ஒரு புதுப்பிப்புக்கு எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சடங்குகள். சுமார் 10,000 ஹினோக்கி மரங்கள் வேண்டும். பெரும்பாலும் கிசோ மலைக்காடுகளிலிருந்து வருகின்றன. முதல் மரங்களை ரம்பத்தால் அறுப்பதில்லை. அடிமரத்தில் கோடரியால் மூன்று பக்கமும் குடைந்து, மூன்று கால்களில் நிற்கும்படி ஆக்கி, கடைசியில் ஒரு காலை வெட்டிச் சாய்க்கிறார்கள். மரம் சொன்ன திசையில் விழும், பிளவும் படாது. இசேக்குச் சொந்தமாகவே சுமார் 5,500 ஹெக்டேர் காடு இருக்கிறது. அதில் தேவையான மரத்தை வளர்ப்பதற்கு 1923-இல் ஒரு திட்டம் போட்டார்கள். திட்டத்தின் காலம் 200 ஆண்டு! நட்டவர் யாரும் பலனைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே நட்ட மரங்கள் அவை. 2013-இல் தேவைப்பட்டதில் சுமார் கால் பங்கு இந்தக் காட்டிலிருந்து கிடைத்தது.

மரம் ஊருக்கு வந்ததும் இழுப்பது ஊர்மக்கள். வண்டியில் ஏற்றி வடம் பிடித்துத் தெருவழியாகவும், ஆற்றில் நீர்வழியாகவும் இழுத்துச் செல்வார்கள். கட்டடம் முடியும் தறுவாயில் வெள்ளைக் கூழாங்கற்களைத் துணியில் ஏந்திப்போய்ச் சன்னதியைச் சுற்றிப் பரப்புவார்கள். சாதாரண மனிதர் புதுச் சன்னதியின் அருகே போகக் கிடைக்கும் வாய்ப்பு அது ஒன்றுதான், தெய்வம் குடிவருவதற்கு முன்.

கட்டடத்தோடு முடிவதில்லை. உள்ளே இருக்கும் ஆடை, வாள், வில், நெசவுக் கருவி, இசைக்கருவி என்று 714 வகையில் 1,576 பொருட்களையும் புதிதாகச் செய்கிறார்கள். நெய்பவர், வாள் அடிப்பவர், அரக்குப் பூசுபவர் என்று அந்தந்தத் தொழிலில் ஜப்பானின் சிறந்த கைகள் இதற்கு வேலை செய்கின்றன. ஒரு வாளின் கைப்பிடிக்கு தோக்கி என்ற நீர்ப்பறவையின் இறகு இரண்டு வேண்டும். ஜப்பானின் சொந்த வழியில் வந்த கடைசி தோக்கி 2003-இல் இறந்துவிட்டது. சீனாவிலிருந்து வந்த பறவைகளைக் கொண்டுதான் அங்கே இப்போது அந்த இனத்தை மீட்டுப் பெருக்கி வருகிறார்கள். வாள் செய்யும் முறையைக் காப்பாற்றினால் போதாது, பறவையையும் காப்பாற்ற வேண்டும்.

கடைசியில் குடிபெயர்ப்பு இரவில் நடக்கிறது. விளக்குகளை அணைத்துவிட்டு, சேவல் கூவுவதுபோல மூன்று முறை குரல் கொடுத்து, வெள்ளைப் பட்டு மறைப்புக்குள் கண்ணாடியைப் பழைய சன்னதியிலிருந்து புதியதற்கு நடத்திச் செல்கிறார்கள். 2013-இல் நைக்கூவுக்கு அக்டோபர் 2, கெக்கூவுக்கு அக்டோபர் 5. அது 62-ஆவது முறை.

நடுவில் அறுந்த கதை

1,300 ஆண்டு தடையில்லாமல் நடந்தது என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் உள்நாட்டுப் போர்கள் நாட்டைச் சூறையாடியபோது கெக்கூ 1434-க்குப் பிறகு 1563 வரையிலும், நைக்கூ 1462-க்குப் பிறகு 1585 வரையிலும் முறைப்படி புதுப்பிக்கப்படவே இல்லை. தலைமுறைகள் கடந்துவிட்டன. அதை மறுபடி தொடங்கிவைத்தவர்கள் கெய்கோயின் மடத்தைச் சேர்ந்த பௌத்தப் பெண் துறவிகள். செய்ஜுன் என்பவர் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டி 1563-இல் கெக்கூவைப் புதுப்பிக்க வைத்தார். அவருக்குப் பின் வந்தவர் ஷூயோ. அவர் நோபுனாகா, ஹிதெயோஷி போன்ற பெருந்தலைவர்களை அணுகி, 1585-இல் இரண்டு கோயில்களையும் முடித்துவைத்தார். ஷின்டோவின் முதல் ஆலயத்தை மீட்டவர்கள் புத்த மடத்துப் பெண்கள் என்பதை இசே பற்றிப் பேசும்போது நிச்சயம் சொல்ல வேண்டும்.

இந்த இடைவெளியில் சில மறந்தும் போயின. கட்டடங்கள் நிற்கும் அமைப்பும் உலோக அலங்காரமும் காலப்போக்கில் மாறியிருக்கின்றன. அதனால் 690-இல் இருந்ததே இம்மி பிசகாமல் இன்றும் நிற்கிறது என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

எடோ காலத்தில் அமைதி வந்ததும் சாதாரண மக்கள் லட்சக்கணக்கில் இசேக்கு நடந்தே வரத் தொடங்கினார்கள். பயணத்துக்குக் கட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில் இசே யாத்திரை என்றால் விட்டுவிடுவார்கள். 1705, 1771, 1830 ஆகிய ஆண்டுகளில் அது பெருவெள்ளமாக ஆனது. வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் உண்டு, வழியில் ஊர்க்காரர்கள் சோறும் தங்க இடமும் கொடுத்தார்கள். வர முடியாதவர்கள் கழுத்தில் பணம் கட்டித் தங்கள் நாயை அனுப்பியதும் உண்டு. பிறகு மெய்ஜி காலத்தில் இசே அரசின் கைக்குப் போய், தேசியவாதத்தின் சின்னமாக ஆனது. 1945-க்குப் பிறகு அரசுப் பணம் நின்றது, ஆலயம் தனி மத நிறுவனமானது. அதிலிருந்து ஒவ்வொரு புதுப்பிப்பும் நன்கொடையிலும் ஆலயத்தின் சொந்த நிதியிலும்தான் நடக்கிறது.

எப்போது போகலாம்?

புத்தாண்டு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் நகர முடியாது. மற்றபடி எந்தப் பருவமும் சரிதான். காலை 7 மணிக்கு முன்னால் நைக்கூவில் இருக்க முடிந்தால் நல்லது. வெளியே வந்ததும் ஓஹராய்மாச்சி கடைத்தெருவில் 1707 முதல் விற்கும் அகாஃபுக்கு கிடைக்கும். இடித்த அரிசி உருண்டையின் மேல் இனிப்புப் பயறுக் களி. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒத்துவரும். இசே உடோன் நூடுல்ஸ் குழம்பில் மீன்சாறு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நைக்கூவிலும் கெக்கூவிலும் சன்னதிக்குப் பக்கத்தில் காலி மனை ஒன்று இருக்கும். சரளைக்கல் பரப்பில் ஒரு சிறு மரக்கூண்டு மட்டும் தனியாக நிற்கும். பலர் அதைப் பார்க்காமலே கடந்துபோகிறார்கள். முந்தைய சன்னதி நின்றதும், அடுத்த சன்னதி எழப்போவதும் அங்கேதான். 63-ஆவது புதுப்பிப்புக்கான முதல் சடங்கு 2025 மே மாதம் நடந்துவிட்டது, குடிபெயர்ப்பு 2033-இல். இப்போதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அங்கே பார்க்க ஏதாவது புதிதாக இருக்கும். 2033 இலையுதிர்காலத்துக்குப் பிறகு பழையதைப் பிரிக்கும்வரை சில மாதங்கள், இருபது ஆண்டு மழையில் நரைத்த சன்னதியும் மரநிறம் மாறாத புதுச் சன்னதியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் அந்த மாதங்களுக்காகக் காத்திருக்கலாம்.